தண்டனையின்றித் திருத்துதல்

'அடியாத மாடு படியாது' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மாட்டைப் பற்றிச் சொல்லப்பட்ட இம்மொழியை, மாட்டைவிடக் குழந்தைகளின் பொருட்டே நாம் மிகுதியாக எடுத்தாண்டு வருகிறோம். 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்' என்னும் மற்றொரு பழமொழியும் அதற்குத் துணையாக நிற்கிறது. சொன்ன சொல் கேளாத பிள்ளை, கைநீட்டித் திருடும் பிள்ளை, பள்ளிக்குச் செல்வதாகக் கூறிவிட்டு ஊர் சுற்றும் பிள்ளை, எவரைக் கண்டாலும் முறைத்து நிற்கும் பிள்ளை ஆகிய இவர்களைத் திருத்துதற்குத் தண்டனையைத் தவிர வேறு வழியும் உண்டோ? பெற்றோரும் ஆசிரியரும் எல்லா நாடுகளிலும் கேட்டுவரும் வினா இது. 'உண்டு' என்று விடை கூறியதோடு நில்லாமல், அதனை நடைமுறையில் செய்து பார்த்தவர்களும் உளர். அவர்களுள் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களுடைய கொள்கை யாது, அது எவ்வாறு கல்வியில் இடம்பெற்றது, அதனால் விளைந்த பயன் என்ன என்பவற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

குவேக்கர்கள் தம்மை 'நண்பர்கள் சங்கம்' என்றே அழைத்துக்கொள்வர். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பாக்ஸ் (1624–1691) என்பவர் இச்சங்கத்தைத் தோற்றுவித்தார். இறைவனுடைய சொல்லைக் கேட்டு நடுங்குமாறு அவர் கூறியதை எள்ளி, 1650-இல் ஒரு நீதிபதி அவரை 'நடுங்குபவர்' என்னும் பொருளில் 'குவேக்கர்' என்று அழைத்தார். ஏளனமாக இட்ட அப்பெயரே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் இவர்களுடைய வழிபாட்டில் பூசகர் இல்லை, சடங்கும் இல்லை. அனைவரும் ஓரிடத்தில் கூடி மௌனமாக அமர்ந்திருப்பர். எவருடைய உள்ளத்திலேனும் ஒரு சொல் எழுமாயின் அவர் எழுந்து கூறுவர், மற்றையோர் செவிமடுப்பர். சங்கத்தின் காரியங்களைத் தீர்மானிக்கும்போதும் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. எல்லோருடைய கருத்தும் ஒருமுகமாகக் கூடும்வரை பொறுத்திருப்பதே அவர்களது முறை.

இவ்வழக்கங்களுக்கெல்லாம் அடிப்படையாக உள்ள நம்பிக்கை ஒன்றே. ஒவ்வொரு மனிதருள்ளும் தெய்வ ஒளி உறைகின்றது. அவ்வொளி அற்றவர் எவரும் இலர் என்பது அது. இதனாலேயே அவர்கள் போரை மறுத்தனர்; அடிமை வாணிகத்தை எதிர்த்தனர்; பிரபுக்களின் முன்னிலையில் தொப்பியைக் கழற்றி வணங்கவும் மறுத்துச் சிறை புகுந்தனர். நல்ல பிள்ளையினிடத்தில் இவ்வொளியைக் காண்பது எளிது. சன்னலை உடைத்துவிட்டு எதிரே நின்று சிரிக்கும் பிள்ளையினிடத்தும் அதனைக் காண முடியுமா என்பதுதான் இந்நம்பிக்கைக்கு நேரும் உண்மையான சோதனையாகும்.

இச்சோதனை முதன்முதலில் குழந்தைகளை முன்னிட்டு நிகழவில்லை. சித்தம் கலங்கியவர்களை முன்னிட்டே நிகழ்ந்தது. 1790-ஆம் ஆண்டில் யார்க் நகரத்து மனநோய் விடுதி ஒன்றில் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் பெண்மணி இறந்தார். அவரைக் காண விரும்பிய சங்கத்தினருக்கு அங்கே அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. இதனால் மனம் வருந்திய வில்லியம் டியூக் என்னும் தேயிலை வணிகர், தம் சங்கத்தாரைத் தூண்டி, 1796-இல் அதே நகரில் 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தைத் திறந்தார். சங்கிலியும் சவுக்கும் வழக்கமாக இருந்த காலத்தில், நோயாளரைத் தம் விருந்தினர்போல் அமரச் செய்து தேநீர் அளித்தனர். முயல், கோழி முதலிய சிற்றுயிர்களை முற்றத்தில் விட்டு, அவற்றைப் பேணுமாறு செய்தனர். கட்டி வைக்கும் வழக்கம் அங்கே முற்றும் ஒழிந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. ஆயினும், ஒருவனை மதிப்பிற்குரியவனாக நடத்தினால், அம்மதிப்பைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அவன் தன்னைத் தானே அடக்கிக்கொள்ள முயல்வான் என்னும் உண்மை அங்கே வெளிப்பட்டது. பின்னாளில் குழந்தைகளைத் திருத்தும் பணிக்கும் இவ்வுண்மையே வித்தாயிற்று.

இனி, நம் தமிழகத்தோடு தொடர்புள்ள ஒரு செய்தியைக் காண்போம். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்பவர் பொறுப்பேற்றார். நம் நாட்டுச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் விடுதியிலும் கையாண்டார். மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அங்கே வளர்த்து, 1797-இல் அதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டில், அதாவது 1798-இல், லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, சட்டாம்பிள்ளை முறையைப் பெருமளவில் கையாண்டார். பெல்லின் நூலிலிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டார்.

லங்காஸ்டர் பிரம்படியை வெறுத்தவர். ஆனால், அதற்கு மாற்றாக அவர் கண்ட தண்டனைகள் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றன. குற்றம் செய்த சிறுவனின் கழுத்தில் மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். சிலரைக் கூடையில் அமர்த்திக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மற்றப் பிள்ளைகள் பார்த்து நகைக்குமாறு செய்தார். உடலில் காயமில்லை, உள்ளத்திலோ பெருங்காயம். கையிலிருந்து பிரம்பைக் கீழே போடுவதனால் மட்டும் ஒருவர் தண்டிப்பதை விட்டவராகிவிடமாட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கொள்கை உயர்ந்ததாக இருப்பினும், வகுப்பறையின் இரைச்சலுக்கு நடுவே அதனை நிறைவேற்றுவது எத்துணை அரிது என்பதையும் இது காட்டுகின்றது.

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் எலிசபெத் ப்ரை என்னும் குவேக்கர் அம்மையார். இவர் 1813-இல் லண்டன் நியூகேட் சிறைக்கு முதன்முதலாகச் சென்றார். அங்கே பெண் கைதிகளுடன் அவர்களுடைய குழந்தைகளும் அழுக்கிலும் கூச்சலிலும் கிடந்ததைக் கண்டு துயருற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்து, அக்குழந்தைகளுக்காகச் சிறைக்குள்ளேயே ஒரு பள்ளி அமைத்தார். அதற்கு ஆசிரியையாகப் பெண் கைதிகள் தம்முள் ஒருத்தியையே தேர்ந்தெடுத்தனர். 1817-இல் சிறையில் நடந்துகொள்ள வேண்டிய விதிகளை அவர் வகுத்தபோது, அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அப்பெண்கள் கையுயர்த்தி இசைந்த பின்னரே நடைமுறைக்குக் கொணர்ந்தார். எவரும் அஞ்சி ஒதுங்கிய அப்பெண்களிடம் 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டதே அங்கு நிகழ்ந்த பெரிய மாறுதலாகும். மேலிருந்து இறங்கிவரும் விதியை மனிதன் மீறப் பார்ப்பான். தானும் உடனிருந்து இசைந்த விதியைக் காக்கப் பார்ப்பான்.

இவ்விரண்டு படிப்பினைகளையும் இணைத்துக் குழந்தைகளிடையே செய்து பார்த்தவர் டேவிட் வில்ஸ் என்னும் குவேக்கர். இவர் தம் இளமையில், கடுமையான ஒழுங்கு நிலவிய பயிற்சிப் பண்ணை ஒன்றில் முரட்டு இளைஞரிடையே பணிபுரிந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, மனநலம் சார்ந்த சமூகப் பணியில் பயிற்சி பெற்றார். 1936-இல், மார்ஜரி பிராங்க்ளின் என்னும் உளமருத்துவ அம்மையாரின் முயற்சியால், எசெக்ஸ் மாவட்டத்தில் ஹாக்ஸ்பர் முகாம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரானார். வழிதவறிய இளைஞர்கள் அங்கே கூடாரங்களில் தங்கித் தங்களுக்கு வேண்டிய குடில்களைத் தாங்களே கட்டிக்கொண்டனர். போரின் காரணமாக 1940-இல் அம்முகாம் முடிவுற்றது.

அப்போர்க்காலத்திலேயே மற்றொரு வாய்ப்பு நேர்ந்தது. 1939 செப்டம்பரில் விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிரிட்டனின் நகரங்களிலிருந்து பெருந்தொகையான குழந்தைகள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். முன்பின் அறியாத குடும்பங்கள் அவர்களுக்கு இடமளித்தன. தாயைப் பிரிந்து, பழகிய தெருவைப் பிரிந்து வந்த பிள்ளைகளிற் பலர் படுக்கையை நனைத்தனர், சிலர் திருடினர், சிலர் பொருள்களை உடைத்தனர். எந்த வீட்டாரும் வைத்துக்கொள்ள இயலாத பிள்ளைகளுக்கெனத் தனி விடுதிகள் தேவைப்பட்டன. எடின்பரோ நகரத்திலிருந்து வந்த அத்தகைய சிறுவர்களுக்காக, ஸ்காட்லாந்தில் பீபிள்ஸ் என்னும் ஊருக்கு அருகே உள்ள 'பார்ன்ஸ்' மாளிகையில் 1940-இல் குவேக்கர்கள் ஒரு விடுதிப் பள்ளியைத் திறந்தனர். அதன் பொறுப்பு வில்ஸிடம் அளிக்கப்பட்டது. அங்கு நிகழ்ந்தவற்றை 1945-இல் 'பார்ன்ஸ் பரிசோதனை' என்னும் நூலாக அவர் வெளியிட்டார்.

பார்ன்ஸ் பள்ளியில் தண்டனை என்பதே இல்லை. ஏன் இல்லை என்பதற்கு வில்ஸ் கூறிய காரணங்கள் ஊன்றிச் சிந்திக்கத்தக்கவை. அச்சத்தினால் நல்லவனாக நடப்பவனுடைய நடத்தைக்கு அடிப்படை இழிந்தது என்பது ஒன்று. இச்சிறுவர்களிடம் தண்டனை முன்பே வேண்டிய மட்டும் செய்து பார்க்கப்பட்டுத் தோற்றுவிட்டது என்பது இரண்டாவது. எவருடைய அன்பினால் பிள்ளை திருந்த வேண்டுமோ, அவருக்கும் பிள்ளைக்கும் இடையே தண்டனை சுவரை எழுப்பிவிடும் என்பது மூன்றாவது. தன்னைத் தானே வெறுக்கும் சில பிள்ளைகள் தண்டனையைத் தேடியே குற்றம் புரிகின்றனர் என்பது நான்காவது. ஐந்தாவது காரணமே நாம் பெரும்பாலும் எண்ணிப் பாராதது. அடிபட்டவுடன் பிள்ளை தன் கடன் தீர்ந்தது என்று கருதிவிடுகிறான். கடையில் விலை கொடுத்துப் பொருள் வாங்கியவன்போல், தவற்றுக்குரிய விலையை அடியாகச் செலுத்திவிட்டு, அடுத்த தவற்றை மன உறுத்தலின்றி வாங்கச் செல்கிறான். தண்டனை குற்றத்தைத் தடுப்பதாக நாம் எண்ணுகிறோம். அதுவோ சில வேளைகளில் குற்றத்திற்கு ரசீது எழுதிக் கொடுத்துவிடுகிறது.

தண்டனையின் இடத்தில் வில்ஸ் இரண்டை வைத்தார். முதலாவது, நிபந்தனையற்ற அன்பு. நல்லபடி நடந்தால் நேசிப்போம், இல்லையேல் வெறுப்போம் என்னும் பேரத்தை அவர் ஏற்கவில்லை. என்ன செய்தாலும் தன்னைக் கைவிடமாட்டார்கள் என்னும் உறுதி பிறந்தாலன்றிக் காயப்பட்ட குழந்தை திருந்தத் தொடங்காது என்பது அவருடைய துணிபு. இரண்டாவது, பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுதல். விடுதியின் அன்றாட வாழ்வு பற்றிய காரியங்களைச் சிறுவர்களும் பெரியவர்களும் ஒருங்கே கூடி ஆராய்ந்தனர். பிள்ளைகளின் சொல்லுக்கு அங்கே உண்மையான மதிப்பு இருந்தது. நியூகேட் சிறையில் உயர்ந்த கைகளையும், மௌனக் கூட்டத்தில் எவரும் எழுந்து பேசும் உரிமையையும் நாம் இங்கே நினைவுகூரலாம்.

இவ்வாறெல்லாம் கூறுவதனால், பார்ன்ஸ் மாளிகை அமைதிப் பூங்காவாக விளங்கியது என்று எண்ணிவிடலாகாது. இதுகாறும் அடக்கி வைக்கப்பட்ட பிள்ளைகள், அடக்குவார் இல்லை என்று கண்டவுடன் அமளி செய்யவே முற்படுவர். இவர்களுடைய அன்பு மெய்யா பொய்யா என்று சோதிப்பது போலவே அவர்களுடைய நடத்தை இருக்கும். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் ஒரே சீராக நடைபெறும் ஒன்றன்று; தளரும், மீண்டும் எழும். பொறுமை மிகுந்த ஆசிரியரும் பிரம்பைத் தேடக்கூடிய தருணம் அதுவே. அத்தருணத்தில் பெரியவர் தம் சினத்தை விழுங்கிக்கொள்வாராயின், அவ்வளவில்தான் பிள்ளையின் நம்பிக்கை வேர் ஊன்றும்.

'அப்படியாயின் பிள்ளை விரும்பியபடியெல்லாம் நடக்கலாமோ?' என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. தண்டிப்பது வேறு, தடுப்பது வேறு என்பதை இங்கே நாம் பிரித்தறிதல் வேண்டும். தம்பியை அடிக்க ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்துவது தண்டனையன்று, அது காவல். உடைந்த கண்ணாடியை மாற்றுவதற்குப் பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு வேலை செய்வது தண்டனையன்று, அது ஈடுசெய்தல். பிள்ளைக்கு வலி உண்டாக வேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு நாம் செய்வது எதுவோ, அதுவே தண்டனை. கண்டிப்பும் அன்பும் ஓரிடத்தில் வாழ முடியும். பழிதீர்க்கும் எண்ணமும் அன்பும் ஓரிடத்தில் வாழமாட்டா.

இக்கருத்து அக்காலத்தில் எத்துணைப் புதுமையானது என்பதை ஒரு செய்தியால் உணரலாம். பிரிட்டனில் அரசு நடத்தும் பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழிக்கும் சட்டம் 1986-இல்தான் இயற்றப்பட்டு, 1987-இல் நடைமுறைக்கு வந்தது. பார்ன்ஸ் பள்ளி திறக்கப்பட்டுப் பெரும்பாலும் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே நாடு அவ்வழிக்கு வந்தது. நம் நாட்டிலோ, வழிதவறிய சிறுவர்களைப் பெரியவர்களுடன் சேர்த்துச் சிறையிலிடாமல் தனியே விசாரித்துப் பேணுவதற்கான சட்டத்தை, இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை 1920-இல் இயற்றியது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையை மட்டுமன்றி, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. லங்காஸ்டரின் கூடையையும் கழுத்துக் கட்டையையும் நினைத்துப் பார்த்தால், அவ்விரண்டாவது தடை எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும்.

குவேக்கர் நெறி தமிழ் மண்ணிலும் ஒரு தொண்டரைக் கண்டது. மார்ஜரி சைக்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1928-இல் சென்னைக்கு வந்து, வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக அமர்ந்து, பின்னர்த் தலைமையாசிரியையாக உயர்ந்தார். தமிழ் கற்றார், குவேக்கர் சங்கத்திற் சேர்ந்தார். சாந்திநிகேதனத்தில் பணியாற்றிய பின், சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்திற்கு ஆசிரியர்களைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றார். இந்தியக் குடியுரிமை பெற்று, நீலகிரியில் கோத்தகிரியிலும் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1995-இல் மறைந்தார். கைத்தொழிலை நடுவாக வைத்து, அச்சத்தை விலக்கி, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உழைக்கும் ஆதாரக் கல்விக்கும் குவேக்கர் நெறிக்கும் உள்ள உறவை அவர் தம் வாழ்க்கையினாலேயே விளக்கினார் எனலாம்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இச்செய்திகள் ஒருபடி மிகுதியாகவே பயன்படும். எடின்பரோச் சிறுவர்கள் குண்டுவீச்சினால் இடம் பெயர்ந்தார்கள். நம் பிள்ளைகள் நம் பிழைப்பின் பொருட்டு இடம் பெயர்கிறார்கள். இரண்டும் ஒன்றாகா. எனினும், பாட்டியின் மடியையும் பழகிய தெருவையும் விட்டு வந்து, புரியாத மொழியில் பாடம் கேட்டு, உச்சரிப்பைப் பிறர் பழித்துக் காட்ட, வாய்மூடி அமர்ந்திருக்கும் பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்வது என்ன? பகல் முழுவதும் அடக்கி வைத்த துயரம், மாலையில் வீட்டில் தங்கையை அடிப்பதாகவும், புத்தகத்தைக் கிழிப்பதாகவும் வெளிப்படுதல் கூடும். அலுவலகத்திலிருந்து களைத்து வந்த தந்தையின் கண்ணில் படுவது கிழிந்த புத்தகம் மட்டுமே. அதற்கு முன் நிகழ்ந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுமுன் கை எழுந்துவிட்டால், பிறகு தெரிந்துகொள்ளும் வாய்ப்பே இல்லாது போகும். அடிபட்ட பிள்ளை அழும்; பேசாது.

ஆகவே, குவேக்கர்களின் பள்ளியிலிருந்து நம் இல்லத்திற்கு எடுத்துக்கொள்ளத் தக்கவை சில உள. பிள்ளை தவறு செய்த வேளையில் முதலில் சிறிது நேரம் மௌனமாக இருத்தல் ஒன்று. அம்மௌனம் பிள்ளைக்கு மட்டுமன்று, நமக்கும் மருந்தாகும். வீட்டின் ஒழுங்குகளைப் பிள்ளைகளையும் அருகே அமர்த்திப் பேசி முடிவு செய்தல் இரண்டாவது. ஏழு வயதுக் குழந்தைக்கும் இரவில் எப்போது உறங்குவது என்பதைப் பற்றிக் கருத்து உண்டு. பிறர் முன்னிலையில் பிள்ளையைப் பழிக்காதிருத்தல் மூன்றாவது. விருந்தினரிடம் நாம் விளையாட்டாகக் கூறும் 'இவன் எதற்கும் உதவாதவன்' என்னும் சொல், லங்காஸ்டர் கட்டிய மரக்கட்டையைப் போல், அக்குழந்தையின் கழுத்தில் நெடுங்காலம் தொங்கும். இவை எளியவைபோல் தோன்றும். ஆயினும், நாள் தவறாமல் கடைப்பிடிப்பது கடினம் என்பதை முயன்று பார்ப்பவர் அறிவர்.

சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளைகளை வைத்துப் பேணும் கூர்நோக்கு இல்லங்களும் சிறப்பு இல்லங்களும் இன்று நம் நாட்டின் பல நகரங்களில் உள்ளன. நாம் வாழும் நகரத்திலும் ஒன்று இருத்தல் கூடும். அவ்வில்லத்துப் பிள்ளைகளைத் திருடர் என்றும் போக்கிரிகள் என்றும் ஊரார் பேசும்போது, நாமும் சேர்ந்து தலையசைக்க வேண்டுவதில்லை. எந்த வீட்டாரும் ஏற்காத சிறுவர்களுக்கு வில்ஸும் அவர் துணைவர்களும் ஒரு வீட்டைத் திறந்துவைத்தனர். அச்சிறுவர்கள் நல்லவர்களாக மாறிய பின்னர் அவர்களை நேசிக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நேசித்த பின்னரே மாற்றத்திற்காகக் காத்திருந்தார்கள். குழந்தைகளைத் திருத்த விரும்புவோர் அனைவரும் கைக்கொள்ள வேண்டிய வரிசைமுறை இதுவேயாகும்.